கையடக்க அதிர்வுப் பகுப்பாய்வி வாங்கும் முன்: ஆலைப் பராமரிப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆலைப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவரிடம், சேர்ந்த சில மாதங்களுக்குள்ளாகவே, "வைப்ரேஷன் அனலைசர் ஒன்று வாங்க வேண்டும், மூன்று இடத்தில் விலை கேட்டு வை" என்று மேலாளர் சொல்லிவிடுவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் நான் பலமுறை பார்த்தது. அவரும் மூன்று நிறுவனங்களின் விவரத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எதில் அதிர்வெண் வரம்பு அதிகம், எதில் சேனல் (ஒரே நேரத்தில் சென்சார்களைப் படிக்கும் வழிகள்) அதிகம், எதில் திரை பெரிது என்று ஒப்பிட்டு, எண்கள் பெரிதாக இருப்பதையோ விலை குறைவாக இருப்பதையோ தேர்ந்தெடுப்பார். நானும் என் முதல் கருவியை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கீழே சொல்கிறேன். விவரத்தாளைத் திறப்பதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். வடகடற்கரைச் சர்க்கரை ஆலையானாலும், மெரேபேங்க்கின் காகித ஆலையானாலும், ஜேக்கப்ஸிலோ பிராஸ்பெக்டனிலோ இருக்கும் சிறு தொழிற்கூடமானாலும், கருவிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பதை உங்கள் இயந்திரங்களே சொல்லிவிடும்.

மீட்டர் போதுமா, அனலைசர் வேண்டுமா

வைப்ரேஷன் மீட்டர் என்பது பேனா அளவிலோ சிறு பெட்டி அளவிலோ இருக்கும் எளிய கருவி. பேரிங் உறையின்மேல் வைத்து அழுத்தினால், வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே ஓர் எண்ணைக் காட்டும். அனலைசரோ அந்த மொத்த அதிர்வைப் பிரித்து, எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வீச்சு இருக்கிறது என்பதை ஸ்பெக்ட்ரம் என்னும் வரைபடமாகக் காட்டும். இயந்திரம் சரியில்லை என்பதோடு மீட்டர் நிறுத்திக்கொள்ளும். சுழலும் பாகத்தின் எடை ஒருபக்கமாகி பேலன்ஸ் கெட்டதா, இணைந்த ஷாஃப்டுகள் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் அலைன்மென்ட் விலகியதா, பேரிங் தேய்ந்ததா என்று பிரித்தறிய அனலைசர் வேண்டும்.

அதற்காக ஒற்றை எண்ணை யாரும் இகழ வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 10816-3 என்ற தரநிர்ணயம், இப்போது 2022-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 20816-3 அதன் இடத்தை எடுத்துக்கொண்டது, இயந்திரங்களின் அதிர்வை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. 15 கிலோவாட்டுக்கு மேல் 300 கிலோவாட் வரையிலான, உறுதியான அடித்தளத்தில் நிற்கும் இயந்திரம் ஒன்றுக்கு 10816-3 தந்த எல்லைகள் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) அளவில் வினாடிக்கு 1.4, 2.8, 4.5 மில்லிமீட்டர். முதல் எல்லைக்குள் இருந்தால் புதிய இயந்திரத்தின் நிலை. இரண்டாவதுவரை தடையின்றி ஓட்டலாம். மூன்றாவதுவரை, பழுதுபார்க்க வாய்ப்பு வரும் நாள்வரை மட்டும் ஓட்டலாம். அதற்கும் மேலே போனால் சேதம் நேரும். இரும்புச் சட்டத்தின்மேல் நிற்பதுபோல் அடித்தளம் நெகிழ்வானதாக இருந்தால் இதே எண்கள் 2.3, 4.5, 7.1 என்று உயரும். பம்புகளுக்கு 10816-7 என்று தனிப்பகுதியே உண்டு. உங்களிடம் இருப்பவை இருபது முப்பது சிறு பம்புகளும் மோட்டார்களும்தான், ஒவ்வொன்றுக்கும் மாற்று இயந்திரம் கையில் தயாராக இருக்கிறது என்றால், ஒரு நல்ல மீட்டரும், வாரந்தோறும் தவறாமல் எழுதப்படும் ஒரு பதிவேடும் போதும். அனலைசருக்குச் செலவிட வேண்டாம் என்று மேலாளரிடம் துணிந்து சொல்லலாம்.

முதல் வேலை: இயந்திரப் பட்டியல்

நோட்டில் ஓர் இயந்திரத்துக்கு ஒரு வரி வீதம் எழுதிக்கொள்ளுங்கள். கிலோவாட், பெயர்ப்பலகையில் உள்ள வேகம், பேரிங் எண், கியர் இருந்தால் பற்களின் எண்ணிக்கை, விசிறியானால் இறக்கைகளின் எண்ணிக்கை, மோட்டாரின் வேகம் மாறக்கூடியதா, பேரிங் உறையைக் கை எட்டுமா, அது நின்றால் ஆலை முழுவதும் நிற்குமா என்பன போதும். இந்த வேலைக்கு இரண்டு நாள் பிடிக்கும். பாதி இயந்திரங்களின் பேரிங் எண் எவருக்கும் தெரியாது என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

பட்டியல் முடிந்ததும் அதில் மூன்று இயந்திரங்களை வட்டமிடுங்கள்: மிக மெதுவாகச் சுற்றுவது, மிக உயர்ந்த அதிர்வெண்ணை எழுப்புவது, வேகம் நிலையாக நிற்காதது. நடுவில் இருக்கும் 1,500, 3,000 சுற்று மோட்டார்களைச் சந்தையில் கிடைக்கும் எந்த அனலைசரும் அளந்துவிடும். கருவிகளின் தரம் பிரிவது இந்த மூன்று ஓரங்களில்தான்.

மெதுவான ஓரத்துக்குச் சர்க்கரை ஆலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கரும்பைப் பிழியும் ரோலர் நிமிடத்துக்கு ஐந்து சுற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 12 வினாடி, அதிர்வெண் 0.083 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் வினாடிக்கு 1 மில்லிமீட்டர் திசைவேகம் இருந்தாலும், அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு ஜி-க்கு, அதாவது ஒரு புவியீர்ப்பு முடுக்கத்துக்கு, 100 மில்லிவோல்ட் தரும் வழக்கமான சென்சார் அதற்கு எழுப்பும் மின்னழுத்தம் சுமார் 5 மைக்ரோவோல்ட். சென்சாரின் சொந்த இரைச்சலிலேயே அது மூழ்கிவிடும். முடுக்கத்தைத் திசைவேகமாக மாற்றும்போது இந்த இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண் பக்கத்தில் பெரும் மேடாக எழும்பி, வலப்புறம் சறுக்குமரம்போல் இறங்கும். புதியவர்கள் அந்த மேட்டைப் பழுது என்று எண்ணி அறிக்கை எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ரோலருக்காக எந்த அனலைசரையும் வாங்க வேண்டாம். அதன் வெண்கலப் பேரிங்குகளுக்கு வெப்பநிலையும், எண்ணெயில் வரும் உலோகத் துகளும்தான் சரியான அடையாளங்கள். ரோலரை ஓட்டும் கியர்பாக்ஸின் நடு ஷாஃப்டுகள், நிமிடத்துக்கு ஐம்பது நூறு சுற்று போகிறவை, அளக்கத் தக்கவை. அவற்றுக்கு 500 மில்லிவோல்ட் உணர்திறன் கொண்ட தனிச் சென்சாரும், குறைந்தது 0.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் கருவியும் வேண்டும்.

கோடுகளின் எண்ணிக்கை: எனக்கு நேர்ந்தது

விவரத்தாளில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் வரி, ஸ்பெக்ட்ரத்தில் எத்தனை கோடுகள், அதாவது அதிர்வெண் வரம்பை எத்தனை கூறுகளாகப் பிரித்துக் காட்டும் என்பது. 400, 800, 1,600, 3,200, 6,400 என்று அது இரட்டித்துக்கொண்டே போகும். நான் வாங்கிய முதல் கருவியில் அதிகபட்சம் 400 கோடுதான் இருந்தது. விலை குறைவாக இருந்ததும் அதனால்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு ஒன்றின் மோட்டார் கடுமையாக அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு துருவ மோட்டார். முழுச் சுமையில் நிமிடத்துக்கு 2,960 சுற்று. 1,000 ஹெர்ட்ஸ் வரை அளந்தபோது ஸ்பெக்ட்ரத்தில் 100-இல் நெட்டையாக ஒரு கம்பு நின்றது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கான 100-இல் கம்பு நின்றால் மோட்டாரின் மின்பகுதியில் பழுது என்று பாடத்தில் படித்திருந்தேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போனது. திரும்பி வந்து ஏற்றியபோது அதே அதிர்வு, அதே கம்பு. பழைய ஃபோர்மேன் ஒருவர் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "தம்பி, கரண்டை நிறுத்தினப்போ அந்தக் கம்பு உடனே விழுந்துச்சா, மெதுவா எறங்குச்சா?" நான் அதைப் பார்க்கவே இல்லை. மின்பழுதானால் மின்சாரம் போன அந்த நொடியே கம்பு மறைந்துவிடும். இயந்திரப் பழுதானால் வேகம் குறையக் குறையத்தான் இறங்கும். நிறுத்திப் பார்த்தோம், மெதுவாகத்தான் இறங்கியது. குழாயின் இழுப்பால் பம்பு நகர்ந்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் விலகியிருந்தது.

கணக்கு இதுதான். 2,960 சுற்று என்பது 49.33 ஹெர்ட்ஸ். அலைன்மென்ட் பழுது பெரும்பாலும் அதன் இருமடங்கில், அதாவது 98.67-இல் எழும். மின்பழுது 100-இல் எழும். இரண்டுக்கும் நடுவே இருப்பது 1.33 ஹெர்ட்ஸ் மட்டும். என் கருவியோ 1,000 ஹெர்ட்ஸை 400 கோடுகளால் வகுத்து, 2.5 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு வரைந்துகொண்டிருந்தது; ஆகவே இரண்டும் ஒரே கம்பாகத் தெரிந்தன. ஸ்பெக்ட்ரம் கணக்கிடும் முன் சிக்னலின் இரு ஓரங்களையும் மழுப்ப வழக்கமாகப் பயன்படும் ஹானிங் விண்டோ என்னும் கணித முறை, கோட்டின் அகலத்தை ஒன்றரை மடங்காக்கும். அருகருகே நிற்கும் இரண்டு கம்புகளைப் பிரித்துப் பார்க்க அதைப்போல் இருமடங்கு இடைவெளி வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கோட்டு இடைவெளியின் மூன்று மடங்கு, நீங்கள் பிரிக்க வேண்டிய தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1,600 கோட்டில் இடைவெளி 0.625, மூன்று மடங்கு 1.875, போதாது. 3,200 கோட்டில் 0.3125, மூன்று மடங்கு 0.94, போதும். வரம்பை 200 ஹெர்ட்ஸாகக் குறைத்திருந்தாலும் என் 400 கோட்டில் மூன்று மடங்கு 1.5 வரும், நூலிழையில் தவறும். ஆகவே இரண்டு துருவ மோட்டார் ஒன்றேனும் உங்கள் பட்டியலில் இருந்தால், 3,200 கோட்டுக்குக் குறைந்த கருவியைப் பார்க்கவே வேண்டாம்.

கோடு கூடினால் நேரமும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோடுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் வரம்பால் வகுத்தால், ஓர் அளவீட்டுக்கு எத்தனை வினாடி என்பது வந்துவிடும். 3,200-ஐ 1,000-ஆல் வகுத்தால் 3.2 வினாடி, நான்கு அளவீடுகளின் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 13 வினாடி. நூறு இடங்களில், இடத்துக்கு மூன்று திசைகளில் அளக்கும் சுற்றில் இது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். மூவச்சுச் சென்சாரும் அதற்கேற்ற சேனல்களும் கொண்ட கருவிகளுக்குத் தேடிப்போய்ப் பணம் கொடுப்பது இந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

உயர்ந்த ஓரம்: கியரும் பேரிங்கும்

கியருக்கு வேண்டிய வரம்பைக் கணக்கிடுவது எளிது. 1,480 சுற்றில் ஓடும் ஷாஃப்டில் 23 பல் பினியன் (சிறிய கியர்) இருந்தால், பற்கள் இணையும் அதிர்வெண் 24.67-ஐ 23-ஆல் பெருக்க 567 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்குவரை பார்க்க வேண்டும் என்பதால் 2,000 ஹெர்ட்ஸ் வரம்பு போதுமானது. இணையும் பெரிய கியரில் 97 பற்கள் என்றால் அந்த ஷாஃப்டு வினாடிக்கு 5.85 முறை சுற்றும். பழுது வரும்போது பிரதான கம்பின் இருபுறமும் அந்த இடைவெளியில் சிறு கம்புகள் முளைக்கும். அவற்றைப் பிரிக்க மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்கையே போட்டுப் பாருங்கள்.

பேரிங்குக்கு 6205-ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்பது குண்டுகள் உள்ளது. வெளிவளையத்தில் குழி விழுந்தால் ஷாஃப்டு வேகத்தைப்போல் 3.585 மடங்கிலும், உள்வளையத்தில் விழுந்தால் 5.415 மடங்கிலும் அடி விழும். 1,475 சுற்றில் அவை முறையே 88 ஹெர்ட்ஸும் 133 ஹெர்ட்ஸும். கையில் அட்டவணை இல்லாதபோது, குண்டுகளின் எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கினால் வெளிவளையமும், 0.6-ஆல் பெருக்கினால் உள்வளையமும் ஓரளவு சரியாகவே வரும். எண்கள் முழு எண்களாக இல்லாததுதான் நமக்கு உதவி. பேலன்ஸ், அலைன்மென்ட் பழுதுகள் வேகத்தின் முழு மடங்குகளில் நிற்க, பேரிங் பழுது இடையில் எங்கோ தனித்து நிற்கும்.

ஆனால் இந்தக் கம்புகள் சாதாரண ஸ்பெக்ட்ரத்தில் தெரியும்போது பேரிங் ஏற்கெனவே நன்றாகக் கெட்டிருக்கும். குழி சிறிதாக இருக்கும்போது ஒவ்வோர் அடியும் பேரிங் உறையைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கணகணவென ஒலிக்கவைக்கும். அந்த உயர் ஒலியை மட்டும் வடிகட்டி எடுத்து, அது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழுகிறது என்று பார்ப்பதுதான் என்வலப் முறை. இந்த வசதி இல்லாத கருவியை பேரிங் கண்காணிப்புக்கு வாங்காதீர்கள். எஸ்கேஎஃப் நிறுவனம் ஒரு பெயரிலும், எமர்சன் பீக்வியூ என்ற பெயரிலும், எஸ்பிஎம் ஷாக் பல்ஸ் என்ற பெயரிலும் இதற்கு நெருங்கிய முறைகளை வைத்திருக்கின்றன. முறைகள் வேறு என்பதால் ஒன்றில் வந்த எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஆலையில் ஏற்கெனவே ஐந்தாண்டுப் பதிவுகள் ஒரு முறையில் இருந்தால், புதிய கருவியும் அதே முறையில் அளப்பது, புதுமையான எந்த வசதியைவிடவும் மதிப்புள்ளது.

40,000 ஹெர்ட்ஸ் வரை அளப்போம் என்று விளம்பரப்படுத்தும் கருவிகளைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது சென்சாரை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதுதான். கையால் கம்பி முனையை அழுத்திப் பிடித்தால் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. காந்தத்தால் ஒட்டினால், பரப்பு சமமாகவும் சுத்தமாகவும் இருந்தால், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகலாம். துளையிட்டு ஸ்டட் போட்டு இறுக்கினால்தான் 10,000 வரை செல்லும். ஐந்து அடுக்குப் பெயின்ட் பூசிய பேரிங் உறையின்மேல், துருப்பொடி ஒட்டிய காந்தத்தை டக்கென்று போட்டு அளப்பவர், எவ்வளவு விலையுள்ள கருவியை வைத்திருந்தாலும் பெயின்டைத்தான் அளக்கிறார். அளவிடும் இடங்களில் சிறு உலோகத் தட்டுகளைப் பசையிட்டு ஒட்டி, எண் எழுதிவிடுங்கள். யார் அளந்தாலும் ஒரே இடத்தில் அளப்பார்கள்.

வேகம் நிலையாக நில்லாத இயந்திரங்கள்

வேகத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார்களும், தொகுதி தொகுதியாகச் சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ்களும் இந்த வகை. அளந்துகொண்டிருக்கும்போதே வேகம் மாறினால் கம்புகள் அழிந்து அகன்ற கறையாகிவிடும். வேகத்தைத் தனியே ஒரு டாக்கோமீட்டரால் படித்து, அதற்கேற்ப அதிர்வைப் பகுக்கும் ஆர்டர் டிராக்கிங் வசதி இங்கே தேவை. உங்கள் பட்டியலில் இத்தகைய இயந்திரம் இல்லையென்றால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பேலன்சிங் செய்யப் போகிறீர்களா

பகாஸ் என்னும் கரும்புச் சக்கை எரியும் கொதிகலனில் புகையை இழுக்கும் விசிறியின் இறக்கைகளைச் சாம்பலும் மணலும் அரித்துக்கொண்டே இருக்கும். சீசன் நடுவில் பேலன்ஸ் கெடுவது உறுதி. அரைவைக் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர்வரை போவதால், வெளியிலிருந்து ஆளை வரவழைத்து பேலன்ஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் கரும்பு லாரிகள் வாசலில் வரிசை நிற்கும். இப்படியொரு விசிறி இருந்தால், ஃபேஸ் (சுழற்சியின் எந்தக் கோணத்தில் அதிர்வு உச்சம் தொடுகிறது என்பது) அளக்கும் லேசர் டாக்கோவும் பேலன்சிங் மென்பொருளும் உள்ள கருவியை வாங்குவது நியாயம். ஒரு சேனல் கருவியாலும் சுழலும் பாகத்தின் இரண்டு குறுக்குத் தளங்களில் பேலன்ஸ் செய்ய முடியும். சென்சாரை மாற்றி மாற்றி வைத்து விசிறியைக் கூடுதலாக ஓட விட வேண்டியிருக்கும், அவ்வளவே. இரண்டு சேனல் இருந்தால் இரண்டு பேரிங்குகளுக்கும் இடையிலான ஃபேஸ் வேறுபாடு ஒரே நேரத்தில் கிடைக்கும். வளைந்த ஷாஃப்டையும் அலைன்மென்ட் பழுதையும் பிரிக்க அது பெரிதும் உதவும். பணம் அனுமதித்தால் இரண்டு சேனலே என் தேர்வு. நான்கு சேனல் தேவைப்பட்ட நாள் எனக்கு இதுவரை வரவில்லை.

கருவியைச் சுமப்பவரும், அது போகும் இடமும்

டர்பன் கடற்கரையின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் கேபிள் இணைப்பிகளை ஒரே ஆண்டில் பச்சை பிடிக்க வைத்துவிடும். தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 தரமே குறைந்தபட்சம். உதிரிக் கேபிள் இரண்டைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். பழுதாவதில் முதலிடம் கேபிளுக்குத்தான். கருவி சென்சாரின் பயாஸ் மின்னழுத்தத்தை, அதாவது சென்சாருக்கு மின்சாரம் தரும்போது அதில் நிற்கும் நிலையான மின்னழுத்தத்தை, காட்டுமா என்றும் கேளுங்கள். வழக்கமாக 8 முதல் 14 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த எண் சுழியமானால் கேபிள் ஷார்ட் ஆகியிருக்கிறது. 24-ஐ ஒட்டி நின்றால் அறுந்திருக்கிறது. இது தெரியாமல் அறுந்த கேபிளோடு ஒரு சுற்று முழுவதும் அளந்து, இயந்திரங்கள் எல்லாம் அருமையாக ஓடுகின்றன என்று எழுதியவர்கள் உண்டு.

சர்க்கரைத் தூசி வெடிக்கும் தன்மையது. சர்க்கரை உலர்த்தும், மூட்டையிடும் பகுதிகளும், எரிவாயுவும் கரைப்பானும் கையாளப்படும் இடங்களும் அபாய மண்டலங்களாக வகைப்படுத்தப்பட்டிருக்கும். அங்கே சாதாரணக் கருவியைக் கொண்டுபோகக் கூடாது. வெடிப்பு அபாய இடங்களுக்கான ஐரோப்பிய ஏடெக்ஸ் முத்திரையை மட்டும் காட்டி விற்பனையாளர் முடித்துக்கொள்ளப் பார்த்தால், அதே தகுதிக்குத் தென்னாப்பிரிக்காவில் செல்லுபடியாகும் ஐஏ சான்றிதழின் நகலைக் கேளுங்கள். உங்கள் ஆலையின் மண்டல வரைபடத்தைப் பாதுகாப்பு அதிகாரியிடம் வாங்கிப் பார்த்தால், அளக்க வேண்டிய இயந்திரங்களில் எத்தனை அந்த மண்டலத்தில் இருக்கின்றன என்பது தெரியும். ஒன்றிரண்டுதான் என்றால், அவற்றில் சென்சாரை நிலையாகப் பொருத்திக் கேபிளை வெளியே கொண்டுவர முடியுமா என்று ஆலோசிக்கலாம்; அப்போதும் அந்தச் சென்சாரும் இணைப்பும் சான்று பெற்றவையாகவே இருக்க வேண்டும்.

பேட்டரி ஒரு ஷிஃப்ட் முழுவதும், குறைந்தது எட்டு மணி நேரம், தாங்க வேண்டும். லோட் ஷெடிங் காலத்தில் சார்ஜ் ஏறாத கருவியோடு காலையில் நின்ற அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு. வெயிலில் திரை தெரிகிறதா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். கழுத்தில் மாட்டும் வாரும் சென்சார் கேபிளும், இழுபட்டால் தாமாகவே விடுபடும் இணைப்பு உடையவையாக இருக்க வேண்டும்; சுழலும் கப்ளிங் கேபிளைப் பிடித்து இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். சுழலும் பகுதியை மூடியிருக்கும் காப்பு உறையைக் கழற்றிவிட்டு அளக்கும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடங்காதீர்கள். 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டம் அதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறது.

விலைக்குள் வராத விலை

யானை வாங்கப் பணம் இருந்து அங்குசம் வாங்கப் பணம் இல்லாத கதை இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும். கருவிக்கு ஒப்புதல் கிடைத்துவிடும். கணினி மென்பொருளின் ஆண்டு உரிமத்துக்கும் பயிற்சிக்கும் கிடைக்காது. விலை கேட்கும்போதே ஐந்தாண்டுச் செலவாகக் கேளுங்கள்: மென்பொருள் உரிமம் ஒருமுறையா ஆண்டுதோறுமா, எத்தனை கணினிகளுக்கு, என்வலப்பும் பேலன்சிங்கும் விலைக்குள் அடங்குமா அல்லது தனித்தனியே திறக்கப்பட வேண்டியவையா, அளவீடுகளைப் பொதுவான கோப்பாக வெளியே எடுக்க முடியுமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், பத்தாண்டுப் பதிவுகளை ஒரே நிறுவனத்திடம் அடகு வைக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலான கருவிகளின் விலை டாலரிலோ யூரோவிலோ நிர்ணயிக்கப்படுவதால், ராண்டில் தரப்படும் விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும், 15 விழுக்காடு வாட் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கருவியின் அளவைச் சரிபார்க்கும் காலிப்ரேஷன் எங்கே நடக்கும் என்பது அடுத்த கேள்வி. சானாஸ் என்னும் தென்னாப்பிரிக்க அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற உள்ளூர் ஆய்வகத்தில் நடந்தால் நல்லது. ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால், அந்த வாரங்களில் மாற்றுக் கருவி தருவார்களா என்று கேளுங்கள். அந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான, அரைவை இல்லாத ஆஃப்-கிராப் காலமே பொருத்தம். பயிற்சிக்கு ஐஎஸ்ஓ 18436-2 நான்கு நிலைகளை வகுத்திருக்கிறது. சுற்றுப்போய் அளப்பவருக்கு முதல் நிலையும், பழுதைக் கண்டறிபவருக்கு இரண்டாம் நிலையும் தேவை. முதல் நிலைக்கான பயிற்சிச் செலவை விலைப்பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

கைபேசியில் இணையும் வயர்லெஸ் சென்சார்களைப் பற்றியும் கேட்பீர்கள். மலிவானவை, பழகுவதற்கு நல்லவை. ஆனால் பலவற்றில் உள்ள சிறு சில்லுச் சென்சாரின் மேல்வரம்பும் இரைச்சலும் ஆரம்பநிலை பேரிங் பழுதுக்கு உகந்தவை அல்ல. மேலே சொன்ன கோட்டுக் கணக்கையும் பயாஸ் கேள்வியையும் அவற்றிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சோதனை நாள்

இரண்டு கருவிகள் மிஞ்சியதும் விற்பனையாளரை ஆலைக்கு வரச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் பெட்டிக்குள் சுற்றும் பொம்மை மோட்டாரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முதலில், தெரிந்த அளவில் அதிரும் கையடக்க ஷேக்கர் ஒன்றில் சென்சாரை மாட்டச் சொல்லுங்கள். இந்த ஷேக்கர்கள் பெரும்பாலும் 159.2 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அது வினாடிக்கு ஏறத்தாழ 1,000 ரேடியன். ஆகவே ஆர்எம்எஸ் அளவில் ஒரு ஜி முடுக்கம், அதாவது வினாடியின் வர்க்கத்துக்கு 9.81 மீட்டர், திசைவேகத்தில் வினாடிக்கு 9.81 மில்லிமீட்டராகவும், இடப்பெயர்ச்சியில் 9.81 மைக்ரானாகவும் வர வேண்டும். மூன்று திரைகளிலும் அதே இலக்கங்கள் வந்தால் கருவி மாற்றிக் கணக்கிடுவது சரி. இலக்கம் 1.4 மடங்காக வந்தால் அமைப்பு பீக்கில் (உச்ச அளவில்) இருக்கிறது என்று அர்த்தம். ஆர்எம்எஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் பட்டியலிலிருந்து மூன்று இயந்திரங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள்: நன்றாக ஓடுவது ஒன்று, பேரிங் கெட்டிருப்பது உங்களுக்கு முன்பே தெரிந்தது ஒன்று, நீங்கள் வட்டமிட்ட மெதுவான ஷாஃப்டு ஒன்று. எது எந்த நிலையில் இருக்கிறது என்பதை விற்பனையாளரிடம் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் சென்சாரை எடுத்து எடுத்து வைத்து மூன்று முறை அளந்தால், எண்கள் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். கடைசியாக, கருவியை வேலைக்குப் புதிதாக வந்த ஃபிட்டரின் கையில் கொடுத்து, யாரும் சொல்லித்தராமல் ஒரு பம்பின் இரண்டு பேரிங்குகளை அளந்து கணினிக்கு ஏற்றச் சொல்லுங்கள். விற்பனையாளர் குறுக்கே பேசாமல் இருக்க அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்பது உத்தமம். அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளை முடித்துவிட்டால் கருவி ஆலையில் பயன்படும். முடியாமல் திணறினால், மூன்று மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விடும்.

வாங்குவதற்கான ஆர்டரை எழுதும்போது, ஆஃப்-கிராப் முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாகக் கருவி கைக்கு வர வேண்டும் என்று தேதியிட்டு எழுதுங்கள். பழுதுபார்த்து ஏற்றிய இயந்திரங்கள் சோதனை ஓட்டத்தில் சுற்றும் அந்தச் சில நாட்களில்தான், சுமையையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு முதல் அளவீடுகளை எடுக்க முடியும். சுமையேறிய பிறகு எண்கள் மாறும் என்பதால், அரைவை தொடங்கி ஓட்டம் நிலைப்பட்ட முதல் வாரத்தில் அதே இடங்களில் மீண்டும் ஒரு சுற்று அளந்து, இரண்டையும் தனித்தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.